மரபணுத் திருத்தமும் வினைக்கொள்கையும்

பொருநைக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தார் வினை தீர்தற்பொருட்டுப் பாபநாசத்திற் சென்று நீராடுவர். காய்ச்சல் கண்டவிடத்து மருந்தும் உண்பர். இவ்விரண்டினையும் அவர் முரணெனக் கருதுவதில்லை. ஆயினும், புற்றுநோய்க்கு இக்காலத்தார் செய்யும் மரபணு மருத்துவத்தைக் கேட்டவழி, "நோய் பிராரத்தப் பயனன்றோ? உடம்பின் எழுத்தையே மாற்றுதல் இறைவன் கூட்டிய தனுவினைப் பழித்தலன்றோ?" என ஐயுறுவாருளர்.

மரபணு என்பது உடம்பு அமைதற்குரிய குறிப்பெழுதிய ஏடு போல்வது. நோயாளியின் குருதியினின்று டி அணுக்களைப் பிரித்து, அவை புற்றணுவை இனங்காணுமாறு புதிய மரபணு ஒன்றைப் புகுத்திப் பெருக்கி, மீட்டும் அவருடம்பிற் செலுத்துவது ஒரு முறை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் டாட்டா நினைவு மருத்துவமனையாரும் ஆக்கிய நெக்ஸ்கார்19 என்பது இத்தகைத்து. 2023 அக்டோபரில் அரசின் இசைவு பெற்றுச் சிலவகை இரத்தப் புற்றுக்கு வழங்கப்படுகின்றது. இலண்டனில் 2022-இல் 13 வயதுச் சிறுமியொருத்திக்குப் பிறர் தந்த அணுக்களின் எழுத்தையே திருத்திச் செலுத்தினர். இவற்றைப் பள்ளிச் சிறார்க்குத் தமிழில் விளங்கவுரைக்கும் ஆசிரியர் இல்லாவிடத்து ஐயம் அச்சமாய் வளரும்.

தனு மாயையினின்று தோன்றிய சடம்; ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விளக்குப்போலத் தரப்பட்ட கருவி. கருவி பழுதுற்றவழிச் செப்பஞ்செய்தல் தந்தவனை மறுத்தலாகாது. வினைப்பயனாகலின் நோயைத் தீர்த்தல் தகாதெனின், பசியும் வினைப்பயனே. பசித்தார்க்குச் சோறிடுதலும் குற்றமாய் முடியும். அங்ஙனங் கொள்ளும் சைவர் யாண்டுமிலர். நுகர்விக்கும் இறைவனே நோயொடு மருந்தையும் கூட்டுவன் என்பதே பொருந்தும். திருத்திய அணுவும் அவ்வுடம்போடு அழிவதே.

கருவிற் செய்யுந் திருத்தமோ வேறு. சீன நாட்டு ஹே ஜியான்குய் என்பார் கருநிலையில் மரபணுவைத் திருத்தியதனால் இரட்டைப் பெண்மக்கள் பிறந்தமையை 2018-இல் வெளியிட்டு, மறுவாண்டு சிறைத்தண்டம் பெற்றார். நோயுற்றார் தம்முடம்பின்மேல் இசைவு தரவல்லார்; இனிப் பிறக்கும் உயிரும் அதன் வழியினரும் தரவல்லரல்லர். பிழை நேரின் அஃது ஓருடம்போடு ஒழியாது. ஈண்டுக் குற்றம் எழுத்தைத் தொட்டமையன்று. பிறவுயிர்க்கு வருந் துன்பத்தை அளந்தறியாது துணிந்தமையே.

விலையும் எண்ணற்பாலது. அமெரிக்காவில் 2017-இல் இவ்வகை முதன்மருந்திற்கு 4,75,000 டாலர் குறித்தனர். நெக்ஸ்கார்19 அதனிற் பெரிதுங் குறைந்ததேனும், பல இலட்சம் ரூபாய் பெறுவதாகலின் உழவர் குடிக்கு எளிதில் எட்டுவதன்று. அவ்வெட்டாமையையும் வினையென்று சொல்லி அமைதல் சோம்பலேயாம். முன்னாளில் வரகுண பாண்டியன் கோயில் அமுதுபடிக்கென 290 காசினை முதலாக வைத்து, அதன் பலிசையாக நெல்லளக்க வகுத்தமையை அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டுக் கூறும். அவ்வாறே முதலழியா நிதியொன்றை இந்நோயாளர் பொருட்டு வைத்தற்குச் சைவ நூல்களில் யாதொரு தடையுமில்லை.