துணி சுற்றிய புட்டியும் சுட்டுணர்வும்

ஒரு பொருளின் பெயரை நீக்கிவிட்டால் அதைப் பற்றிய அறிவில் எஞ்சுவது என்ன என்னும் கேள்வி தமிழ்த் தத்துவ மரபுக்குப் புதியதன்று. மணிமேகலையின் 29-ஆவது காதையில், காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலை உரைக்கும்போது, அறிவு பிறக்கும் வாயில்களாகிய அளவைகள் காட்சி, கருத்து என இரண்டே என்று கொண்டு, அவற்றுள் காட்சியைச் ‘சுட்டுணர்வு’ என வரையறுக்கிறார். பெயர், சாதி, குணம், தொழில் ஆகிய நான்கும் வந்து படியுமுன், பொருள் புலனில் பட்ட அளவில் நிற்கும் உணர்வே சுட்டுணர்வு; அந்த நான்கும் வந்து சேர்ந்தபின் இருப்பது மனம் புனைந்துகொண்டது. இங்கே சாதி என்பது ஓரினப் பொருள்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பைக் குறிக்கும். பௌத்த அளவை அறிஞர் திக்நாகர் வடமொழியில் நிறுவிய இக்கொள்கையை ஏட்டளவில் கற்பவருக்கு, பெயரற்ற உணர்வு எப்படியிருக்கும் என்பது எளிதில் பிடிபடுவதில்லை. லண்டன் கிளப்புகளில் நண்பர்கள் கூடி, லேபிளை மறைத்து வைன் சுவைக்கும் மாலைகள் அக்கேள்வியை நாவின் மேலேயே வைத்துப் பார்க்க இடம் தருகின்றன.

‘பிளைண்ட் டேஸ்டிங்’ என்று அங்கே வழங்கும் இம்முறையில், புட்டிகளைத் துணியாலோ காகிதப் பையாலோ கழுத்துவரை மூடி, எண்ணிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் சிறிதளவே ஊற்றுவர். வைனைச் சுவைத்து ஆய்வதற்கென 1977-இல் ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த குவளை சுமார் 215 மில்லிலிட்டர் கொள்ளும். அதில் ஊற்றுவது 50 மில்லிலிட்டர்தான். எஞ்சிய இடம் முழுவதும் மணத்துக்கு உரியது. சுவைப்பவர் குவளையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து, விளிம்பில் நிறம் எப்படி மங்குகிறது என்று பார்ப்பார், சுழற்றி முகர்வார், ஒரு வாய் எடுத்து, உதட்டிடையே காற்றை உறிஞ்சி அதை வாய்க்குள் கலக்குவார். இனிப்பு, புளிப்பு, கைப்பு போன்ற சிலவற்றை மட்டுமே நா அறியும்; மற்றவற்றுள் பெரும்பகுதி தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணமே. முதிர்ந்த ரீஸ்லிங் வைனில் மண்ணெண்ணெயை ஒத்த வாடை எழுவதும், சிரா வகையில் மிளகு மணப்பதும் மூக்கின் வழியாகத்தான் தெரியவரும்.

இவ்வழக்கம் லண்டனில் ஒரு பயிற்சி முறையாக வேரூன்றியதில் 1953-ஆம் ஆண்டுக்குத் தனியிடம் உண்டு. ‘மாஸ்டர் ஆஃப் வைன்’ என்னும் பட்டத்துக்கான தேர்வு அவ்வாண்டுதான் அந்நகரில் முதன்முறையாக நடந்தது. இன்று அதன் செய்முறைப் பகுதியில் 36 வைன்களைப் பெயரறியாமல் சுவைத்து எழுத வேண்டும். அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கிடையிலான சுவைப் போட்டியும் தொடங்கியது. பால் மால் தெருவில் அவ்விரு பல்கலைக்கழகத்தாருக்கும் பொதுவாக உள்ள கிளப்பில் பல ஆண்டுகள் நடந்துள்ள அப்போட்டியில், ஆறு வெள்ளை, ஆறு சிவப்பு என 12 வைன்கள் வைக்கப்படும். திராட்சை வகை, நாடு, வட்டாரம், விளைந்த ஆண்டு ஆகியவற்றைச் சரியாகச் சொல்வதற்கும், சுவைக் குறிப்புக்கும் மதிப்பெண் உண்டு.

இம்முறையின் தத்துவ முரண் இங்கேதான் இருக்கிறது: பெயரை மறைப்பது பெயரைக் கண்டுபிடிப்பதற்காகவே. சுட்டுணர்வுக்கு வழிவிடுவதுபோலத் துணியைச் சுற்றிவிட்டு, ‘இது எந்தச் சாதி, எந்த ஊர், என்ன ஆண்டு’ என்று அடுத்த நொடியே கேட்பதால், பௌத்தர் நீக்கச் சொன்ன நான்கும் விடைத்தாளின் கட்டங்களாகத் திரும்பி வந்துவிடுகின்றன. சைவ சித்தாந்தம் இதை முரணாகக் கொள்ளாது. 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி, பொருள் உண்டு என்ற மாத்திரத்தில் நிற்கும் உணர்வை விகற்பமில்லாக் காட்சி என்றும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தோடு தெளிந்த உணர்வை விகற்பக் காட்சி என்றும் வகுத்து, இரண்டையும் காட்சியாகவே ஏற்கிறது. புட்டியைத் துணியால் மூடுகையில் பௌத்தராகவும், மதிப்பெண் இடுகையில் சித்தாந்தியாகவும் நடந்துகொள்ளும் கிளப்பு, தான் அறியாமலே அப்பழைய வழக்கின் இரு தரப்பிலும் நிற்கிறது. ‘பிரான்சின் பர்கண்டியோ, அமெரிக்காவின் ஓரிகனோ’ என்று இரண்டு வட்டாரங்களிடையே நாக்கு ஊசலாடுவதைச் சித்தியார் ஐயக்காட்சி என்னும். ஓரிகனைப் பர்கண்டி என்றே துணிந்துவிடுவதைத் திரிவுக்காட்சி என்னும்.

அடையாளம் காண்பதற்கும் தரம் அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்து தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், சுவையின் அளவுகோல் பற்றி 1757-இல் லண்டனில் வெளியிட்ட கட்டுரையில், டான் குயிக்ஸாட் என்னும் நாவலில் வரும் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாக்குகிறார். ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்த இருவரில் ஒருவர் நன்று, ஆயின் தோல் வாடை அடிக்கிறது என்றும், மற்றவர் நன்று, ஆயின் இரும்பு வாடை அடிக்கிறது என்றும் கூற, ஊரார் இருவரையும் நகைத்தனர். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடந்தது. நுட்பமான சுவையுணர்வு வெறும் கற்பனையன்று என்பதற்கு ஹியூம் காட்டும் சான்று அந்தச் சாவி. போட்டியில் லேபிளே சாவி. துணியை அவிழ்த்தால் சரியா, தவறா என்பது தீர்ந்துவிடும். ‘இது நல்ல வைனா’ என்ற கேள்விக்கோ பீப்பாயின் அடியில் எதுவும் கிடப்பதில்லை. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு ஒரே புட்டியின் வைனை மும்முறை வெவ்வேறு எண்களில் கொடுத்துப் பார்த்த ராபர்ட் ஹாட்ஜ்சன் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று முறையும் ஒரே பதக்க நிலைக்குள் நின்று தீர்ப்பளித்தவர்கள் பத்தில் ஒருவர் அளவே. தன் முந்தைய தீர்ப்போடு தானே ஒத்துப்போகாத நாவை ஏமாற்று என்று தள்ளுவது பிழை; தரம் என்பது குவளையில் மட்டும் குடியிருப்பதன்று என்பதே அதன் பொருள்.

மிளகு மணத்தின் செய்தி இதைவிடக் கூர்மையானது. சிரா வைனில் மிளகு மணப்பது உவமையன்று. ரோட்டண்டோன் என்னும் ஒரே சேர்மம் மிளகிலும் அவ்வைனிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் நிறுவினர். அதே ஆய்வில், சுவைத்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால், மிகுந்த செறிவிலும், அதை உணரவே முடியவில்லை. ஒரே மேசையில் ஐந்து நண்பர்கள் அமர்ந்திருக்க, நால்வர் மிளகு என்றும் ஒருவர் ஒன்றுமில்லை என்றும் சொன்னால், அந்த ஒருவர் பொய்யரும் அல்லர், பயிற்சி குறைந்தவரும் அல்லர். சாவி உண்மையில் பீப்பாய்க்குள் இருந்தும் ஒருவரின் புலன்வாயிலுக்கு மட்டும் அது எட்டாதிருக்கும் நிலையை ஹியூம் போதிய அளவு கருதவில்லை என்றே தோன்றுகிறது. அளவை என்பது பொருளை மட்டுமன்றி அறிபவரின் வாயிலையும் சார்ந்தது என்று நம் நூல்கள் கண்ணின் குறை, ஒளியின் குறை, தொலைவு ஆகியவற்றை எண்ணிச் சொன்ன நிதானம் இங்கே பயன்படுகிறது.

பெயரை மறைத்தாலும் வேறொன்று அதன் வேலையைச் செய்துவிடும். பிரான்சின் போர்தோ நகரில் வைன் அறிவியல் பயின்ற 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை வைன் தரப்பட்டபோது, அவர்கள் சிவப்பு வைனுக்கு உரிய சொற்களாலேயே அதன் மணத்தை வருணித்தனர். 2001-இல் வெளியான அவ்வாய்வில் மூக்கு முகர்ந்ததைக் கண் மாற்றி எழுதிவிட்டது தெளிவாயிற்று. சித்தாந்தம் உயிரின் இயல்பைச் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்று கூறி, அருகிலுள்ளதன் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டும் பளிங்கை உவமையாக்கும். தனக்கென நிறம் இல்லாமையால் அன்று, எதைச் சார்ந்தாலும் அதுவாகிவிடும் தன்மையால் பளிங்கு ஏமாற்றுகிறது, அறிவும் அவ்வாறே. புட்டியின் துணி பளிங்கின் அருகிலிருந்து ஒரு நிறத்தை அகற்றுகிறது, அவ்வளவே. அடுத்த நிறம் வந்து படிவதைப் பார்க்கக் கிடைக்கும் இடைவெளிதான் இம்மாலைகளின் உண்மையான பேறு. வைனைப் பற்றிய அறிவைவிட, தன் அறிவில் எது எங்கே வந்து கலக்கிறது என்ற அறிவே அங்கு சிறந்து கிடைக்கிறது. திருக்குறளில் மெய்யுணர்தல் அதிகாரத்துக் குறள் ஒன்றும் அறிவுடைமை அதிகாரத்துக் குறள் ஒன்றும் ஒரே முடிபைக் கொண்டிருப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்: முன்னது பொருளின் தோற்றத்திலும், பின்னது சொல்பவர் யார் என்பதிலும் மயங்காதிருக்கச் சொல்கிறது. நிறம் தோற்றமாகவும், லேபிள் சொல்பவராகவும் நிற்கின்றன.

இது நண்பர்களிடையே நடப்பதற்கும் காரணம் உண்டு. நியாய நூலார் உரையாடலை மூவகைப்படுத்தி, உண்மை காண்பதற்காக ஆசிரியர், மாணாக்கர், உடன்கற்போர் ஆகியோரோடு அழுக்காறின்றி நிகழ்த்துவதை வாதம் என்றும், வெல்வதற்காக நிகழ்த்துவதை ஜல்பம் என்றும், தனக்கெனக் கொள்கையின்றிப் பிறர் கொள்கையை மறுப்பதை மட்டும் விதண்டை என்றும் பெயரிட்டனர். பல்கலைக்கழகப் போட்டி ஜல்பத்துக்கு அணுக்கமானது. நண்பர் எழுவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, துணி அவிழ்ந்ததும் தாம் விலையுயர்ந்ததென்று புகழ்ந்தது மளிகைக்கடையின் மலிவுச் சரக்கு என்று கண்டு, அதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளும்போது நிகழ்வது வாதம். தவறியதை ஒருவர் முன்னிலையில் அச்சமின்றிச் சொல்ல முடிவது நட்பின் இலக்கணங்களுள் ஒன்று.

ஒரு கடுமையான மறுப்பைக் கடந்து செல்லல் ஆகாது. கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக வைத்த நூலைப் போற்றும் மரபில் நின்று, மதுவை அறிவின் கருவியாகப் பேசுவது தகுமா? புறநானூற்றின் 56-ஆம் பாட்டு யவனர் கொணர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் அருந்துவதை வாழ்த்துகிறது. ‘தேறல்’ என்ற சொல்லும், உறுதியான தெளிவைக் குறிக்கும் ‘தேற்றம்’ என்ற சொல்லும் ‘தேறு’ என்னும் ஒரே வேரில் பிறந்தவை. ஆயினும் வள்ளுவர் வாதம் அசைக்க முடியாதது: காசு கொடுத்துத் தன்னை மறக்கும் நிலையை வாங்குவது அறியாமை. அறிபவரை அழிக்கும் பொருள் அறிவுக்குத் துணையாகாது. ஆகவே இப்பயிற்சியின் மையக் கருவி குவளையன்று, சுவைத்த வைனை உமிழ்வதற்கு மேசைமேல் வைத்திருக்கும் படிக்கம். விழுங்கத் தொடங்கிய மாலை வெறும் குடியாகிவிடும்.

குடியாதாருக்கு லண்டனே வேறு வழியும் வைத்திருக்கிறது. 1679 முதல் 1998 ஜூன் வரை அந்நகரில் தேயிலை ஏலம் நடந்தது. அவ்வணிகத்தின் மையம் மின்சிங் சந்து. அங்கிருந்த சுவைஞர்களும் கரண்டியால் தேநீரை ஓசையெழ உறிஞ்சி, படிக்கத்தில் உமிழ்ந்தவர்களே. நுவரெலியா, திம்புள, ஊவா, நீலகிரி ஆகிய நான்கு தேயிலைகளை ஒரே அளவில் எடுத்து, கொதிநீரில் ஆறு நிமிடம் ஊறவிட்டு, எண் மட்டும் இட்ட கோப்பைகளில் ஊற்றிவிட்டால், சுட்டுணர்வு பற்றிய கேள்வி முழுவதும் மயக்கமின்றி முன்னே வந்து நிற்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்றில் விளையும் ஊவாத் தேயிலையின் தைல மணத்தைப் பெயரறியாமல் உணர்பவருக்கு, பெயர் தெரிந்தபின் அதே கோப்பையை மறுபடி எடுத்தால் முதல் வாயின் சுவை திரும்பி வருவதில்லை. தாளை விலக்கினால் தெரியும் தோட்டப் பெயர்களுள் பல ஸ்காட்லாந்தின் ஊர்களையும் ஆங்கிலத் துரைமார்களையும் நினைவூட்டுவன. அதே தோட்டங்களுக்கு, கொழுந்து பறித்த மலையகத் தமிழர் தமக்குள் வேறு தமிழ்ப் பெயர்களை வழங்கிவந்தனர். அப்பெயர்கள் எந்தப் பெட்டியின் மேலும் அச்சிடப்படவில்லை.