பாழ்நிலமும் பழைய ஆட்டமும்

பாரசீகத்துச் சுல்தான் போர்முனைக்குச் சென்றிருக்கிறார். ஆட்சியைக் கவர்ந்துகொண்ட அமைச்சன் ஜாஃபர், இளவரசிக்கு ஒரு மணி நேரத் தவணை தருகிறான்: தன்னை மணக்க வேண்டும்; இல்லையேல் மாள வேண்டும். நிலவறையில் அடைபட்ட இளைஞன் ஒருவன் அறுபது நிமிடங்களுக்குள் மேலேறி வந்து அவளை மீட்க வேண்டும். அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர் ஆக்கி 1989இல் வெளியான ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ என்னும் கணிப்பொறி ஆட்டத்தின் கதை இது. (கலீஃபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் ஜாஃபர் பர்மகீ, ஆயிரத்தொரு இரவுக் கதைகளில் கலீஃபாவுடன் நகர்வலம் வரும் நல்ல துணைவர். மேனாட்டார் கையில் அப்பெயர் கொடியவனுக்குரியதாகிவிட்டது. அந்த வழக்கைப் பிறிதொரு நாள் பேசுவோம்.)

வீண் விளையாட்டுக்கு ஒரு கட்டுரையா என அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆட்டத்தின் நடுவே ஒரு கண்ணாடி வழிமறிக்கிறது. இளவரசன் அதனூடே பாய்ந்ததும் மறுபுறம் அவனுடைய நிழலுரு தனியே பிரிந்து ஓடுகிறது. பின்னர் அவனுக்குப் பகையாகி இடையூறு செய்கிறது. இறுதியில் அதனை வாளால் வெட்டினால் காயம்படுவது இவனே. வாளை உறையிலிட்டு எதிர்கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நஃப்ஸைப் பற்றிப் படித்தவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்பார்கள். இந்நிழல் பிறந்ததோ வறுமையால். கணிப்பொறியின் நினைவகத்தில் இன்னொரு வீரனுக்கு இடமில்லாமல், இளவரசனின் படத்தையே மாற்றிக் காட்டினார் மெக்னர்.

அக்காலத்து ஆட்டங்களை இன்றைய கணிப்பொறி ஏற்பதில்லை. தட்டைச் செருகும் வாயே இன்று இல்லை. இருந்தாலும் 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் நேரே இயக்காது. சில ஆட்டங்கள் இயந்திரத்தின் வேகத்தையே தமக்குக் கடிகாரமாகக் கொண்டிருந்தன. 1990இல் வந்த ‘விங் கமாண்டர்’, பின்வந்த விரைவான இயந்திரங்களில் ஆட முடியாத வேகத்தில் ஓடிற்று. இதற்கு மருந்தாக 2002இல் வெளிவந்தது ‘டாஸ்பாக்ஸ்’. புதிய இயந்திரத்துக்குள் பழைய இயந்திரமொன்றை அது நடித்துக் காட்டுகிறது. வேகத்தையும் நாம் விரும்பியவாறு தளர்த்தலாம். ஆர்வலர்கள் ஆக்கி, எவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்கிய பணி அது.

இதுவரை சிக்கலில்லை. ஆட்டத்தின் பிரதியை எங்கே பெறுவது என்பதில்தான் மனம் இடறுகிறது. தொண்ணூறுகளில் காசு கொடுத்து வாங்கியவரின் தட்டு பழுதடைந்திருக்கும். தட்டு பிழைத்திருப்பினும் கையேடு தொலைந்திருக்கும். முதற்கட்டம் முடிந்ததும் எழுத்துகள் பொறித்த மருந்துக் குப்பிகள் வரிசையாக நிற்கும். கையேட்டில் குறித்த சொல்லின் முதலெழுத்துக்குரியதைப் பருக வேண்டும். பிழையானவை நஞ்சு. திருடனைத் தடுக்க வைத்த நஞ்சு, இன்று விலைகொடுத்தவரையே கொல்கிறது. பதிப்பித்த புரோடர்பண்ட் நிறுவனமோ 1998இல் வேறொரு நிறுவனத்தால் வாங்கப்பட்டது.

கைவிடப்பட்டதை எடுத்துக்கொள்வது கூடுமா? ஃபத்வாக் கூற நாம் ஆலிம் அல்லோம். எனினும் ஃபிக்ஹு நூல்களில் பாழ்நிலத்தை உயிர்ப்பித்தல் என்றொரு பாடம் உண்டு. உரிமையாளரில்லாத தரிசைப் பண்படுத்தியவருக்கு அது சொந்தம். ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கருத்து; வேண்டியதில்லை என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) கருத்து. பண்படுத்தியவரே பின்னர் விட்டுவிட, நிலம் மீண்டும் பாழானால்? அடுத்து உயிர்ப்பிப்பவருக்கு உரிமையாகும் என்றார் இமாம் மாலிக் (ரஹ்). முதல்வரின் உரிமை நீங்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பழைய ஆட்டங்களின் வழக்கு முழுவதும் இவ்விரு கூற்றுகளுக்கிடையே நிற்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நாம் மாலிகின் பக்கம் சாய ஆசைப்படுகிறோம். ஆனால் ஆசை சான்றாகாது. நிலத்தைப் பண்படுத்துகிறவர் வியர்வை சிந்துகிறார்; பிரதியெடுப்பவரோ ஒரு பொத்தானை அழுத்துகிறார். ‘எவரும் விற்கவில்லை, ஆகவே எடுத்தேன்’ என்பவர், நாளை உரியவரே மறுபடி விற்கத் தொடங்கினால் விலை கொடுப்பாரா? கொடுப்பவரின் நிய்யத்தை நாம் ஐயுறவில்லை. அப்படிப்பட்டவர் எத்தனை பேர் என்பதே ஐயம்.

உரிமையாளர் மீதும் கேள்வி உண்டு. அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு சந்தையில் கிடைப்பதில்லை என 2023ஆம் ஆண்டு ஆய்வொன்று கண்டது. நிறுவனத்தின் படைப்பாக அங்கே 1990இல் வெளியான ஆட்டத்துக்கு உரிமை 2085 முடியும்வரை நீள்கிறது. காந்தத் தட்டு அவ்வளவு காலம் காத்திராது. ஆய்வாளர்கள் நூலகப் பிரதிகளைத் தொலைவிலிருந்து பார்க்க அனுமதி கேட்டபோது, 2024இல் பதிப்புரிமை அலுவலகம் மறுத்தது. தானும் உழாமல் பிறரையும் உழவிடாமல் வேலி மட்டும் போடுவதை எந்த மத்ஹபில் தேடுவது?

2012இல் மெக்னரின் தந்தை, வீட்டு அலமாரியின் பின்புறத்தில் கிடந்த பெட்டியொன்றைக் கண்டெடுத்தார். அதில் மகன் தொலைத்துவிட்டதாக எண்ணியிருந்த மூலநிரல் தட்டுகள் இருந்தன. பழைய இயந்திரங்களை அறிந்த இருவர் உதவியுடன் அவை படிக்கப்பட்டன. உரியவரே அந்நிரலை எவரும் பார்க்கும்படி அவ்வாண்டே வெளியிட்டார். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை.