பாலம் கட்டியவர்கள்

அந்நிய நாட்டில் அநியாயமாய் அடைபட்டு அடிமை வேலை செய்யும் மனிதனின் கதை என்றதும் பலருக்கு நினைவு வருவது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம். 1957-இல் டேவிட் லீன் எடுத்தது. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்ஸன், அதிகாரிகள் கூலி வேலை செய்யலாகாது என்ற சர்வதேச விதியைக் காட்டிப் பிடிவாதம் பிடிக்கிறார். தகரக் கொட்டடியில் வெந்து கிடந்தும் வளைந்து கொடுக்கவில்லை. பிறகு அதே மனிதர், பகைவனுக்காகக் கட்டும் பாலத்தின்மேல் பெற்ற பிள்ளையைப் போலப் பாசம் வைத்துவிடுகிறார். மனித மனத்தின் விசித்திரத்தை இவ்வளவு நன்றாகச் சொன்ன படங்கள் குறைவு.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 1942-43-இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் உழைத்த போர்க் கைதிகள் 60,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 2 லட்சம் என்கிறார்கள். அவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் பல்லாயிரம் பேர். நாமக்கல்லும் எங்கள் மோகனூரும் அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லா, மலாயாவுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய ஜில்லாக்களில் ஒன்று. படத்தில் அந்தத் தமிழரில் ஒருவரையும் காணோம்.

கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். ஒளித்து வைத்தாவது இறந்தவர் பெயரை எழுதி வைத்தார்கள். காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கல்லறைகள் வரிசையாய் இருக்கின்றன. 1943-இல் காலராவில் கொட்டகை கொட்டகையாய் மடிந்த நம்மவருக்கு யார் எழுதி வைப்பது? செத்தவர் தொகையிலேயே புத்தகத்துக்குப் புத்தகம் பல்லாயிரம் வித்தியாசம். மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்று கர்னல் சொல்ல முடிந்தது. எடுத்துக் காட்ட ஒரு விதி இருந்தது. தோட்டக் கூலிக்கு எந்த விதி?

படம் பிடித்த இடமோ இலங்கையில், களனி ஆற்றங்கரைக் கித்துல்கல. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருவாரியாக நாடற்றவர்களாக்கியிருந்த காலம் அது.

“கதை எழுதுகிறவர் நீங்களே இப்படிச் சொல்லலாமா ஸார்? எல்லாரையும் ஒரே கதையில் அடைக்க முடியுமா?” என்றார் உள்ளூர் நண்பர்.

நியாயமான கேள்விதான். ஒருவனைப் பார்க்க வேண்டுமென்றால் பத்துப் பேரை விலக்கத்தான் வேண்டும். நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் நடந்த துன்பத்தை எடுத்துக்கொண்டவன் கதாசிரியனாக மட்டும் நிற்க முடியாது, பாதி சாட்சியாகிவிடுகிறான். அவன் சொல்லாமல் விட்டது, நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. நம் நாட்டிலும் ஒரு பாலம் கட்டிய கதை உண்டு. கடலை அடைத்தவர்கள் வானர சேனைதான். ஆயினும் கதை சொன்ன ஜனங்கள் மணல் சுமந்த அணிலை விட்டுவிடவில்லை. அதற்காகக் கதை கெட்டுப் போய்விட்டதா?

“அப்படியானால் நம்மவர்கள் எழுத வேண்டியதுதானே?” என்றார் அவர், விடாமல்.

எழுதியிருக்கிறார்கள். மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றே ஒரு நாவல் எழுதினார். நண்பர் அதன் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. குவாய் படத்தை மட்டும் மூன்று தடவை பார்த்திருக்கிறார்.

அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதிய மைக்கேல் வில்ஸன், கார்ல் போர்மன் இருவரின் பெயரும் அன்று திரையில் வரவில்லை. ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். இருவரும் இறந்த பிறகு, எண்பதுகளில், அகாடமி அவர்களுக்குரிய பரிசை அவர்கள் பெயரிலேயே வழங்கியது. பெயர் தெரிந்திருந்ததால் அது முடிந்தது.