விலக்கும் சார்பும்

திருச்சிற்றம்பலம்

ஆங்கிலம் பயிலும் என் பேரன் ஒருநாள் 'எஸ்சூ' என்னும் சொற்குத் தமிழ் யாதென வினவினான். 'தவிர்த்தல்' என்றேன். தாத்தா வெற்றிலையை விட்டதற்கு அச்சொல் பொருந்துமா என்று மீளவும் கேட்டான். விடை கூறத் தயங்கினேன். அத்தயக்கமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

யான் வாழும் ஆத்தூர் பொருநைக் கரையது, கொடிக்கால்களாற் பெயர்பெற்றது. இவ்வூர் வெற்றிலை 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றது. நாற்பது ஆண்டு தாம்பூலந் தரித்த யான், வாயிற் புண் கண்டு மருத்துவர் எச்சரித்தபின் அதனை விட்டேன். நா விட்டது, நெஞ்சு விட்டிலது. கொடிக்கால் வழியே செல்லுந்தோறும் கை தானே மடியைத் தடவும்.

ஆங்கிலத்தில் விலக்கலைக் குறிக்குஞ் சொற்களிடை நுண்ணிய வேறுபாடு உண்டு. வழியிற் பள்ளங் கண்டு ஒதுங்குதல் 'அவாய்ட்' எனப்படும். வெறுத்து அணுகாதிருத்தல் 'ஷன்' எனப்படும். 'எஸ்சூ' என்பதோ, தகாதென ஆராய்ந்து துணிந்து ஒன்றனைக் கொள்ளாது விடுதலாம். பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்த அச்சொல், கூசி ஒதுங்குதலைக் குறிக்கும் 'ஷை' என்பதனோடு இனமுடையது. கூச்சத்திற் பிறந்த சொல் அறிவிற்கு உரியதாய் வளர்ந்தமை காண்க. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியம், யோபு என்பான் தீமையைத் தவிர்த்தமையை இச்சொல்லாற் கூறும். ஆண்டும் இறையச்சம் முன்னும் தவிர்த்தல் பின்னுமாக நிற்றல் நோக்கற்பாலது.

அற்றேல், விலக்கிய அளவானே உயிர் தூய்மையெய்துமோ எனின், எய்தாது என்பது சித்தாந்தம். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது; சார்பின்றித் தனித்து நில்லாது. உயர்ந்ததைப் பற்றாது தாழ்ந்ததை விடின், விட்டதனையே நினைந்து மீளப் பற்றும். ஆகலின் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில், ஐம்புலன்களை வேடராகவும் உயிரை அவரிடை வளர்ந்த அரசகுமரனாகவும் வைத்து, குரு உணர்த்த உணர்ந்து அவரை நீங்கி அரன் திருவடி அடையும் என்றருளினார். அரசகுமரன் வேடரைப் பகைத்து நீங்கினானல்லன். தான் இன்னான் என அறிந்தமையால் நீங்கினான். விடுதலும் அடைதலும் ஒரு செயலின் இருபுறம் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, வெற்றிலையினும் பெரிதொன்று சொல்லக் கடவேன். நிலப்பிணக்கு ஒன்றால் யானும் என் இளவலும் பன்னிரண்டு ஆண்டாகப் பேசிலேம். சோமநாதர் திருக்கோயிற்கு அவன் மாலையில் வருவான். ஆதலின் யான் காலையிற் செல்வேன். வினவினோர்க்கு 'உறவுகளைத் துறந்தேன்' என்றேன். அவர் புகழ, அதனையும் ஏற்றேன். பன்னிரண்டாஞ் சூத்திரமோ, மலங்கழுவி அன்பரொடு கூடி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்னும். மடத்திற் பாடங்கேட்டு, முப்பது ஆண்டு மாணவர்க்கு யான் உரைத்த சூத்திரம் அது. நீறணிந்த நெற்றியோடு வருவானைக் காணாதிருத்தற்பொருட்டு வழிபாட்டிற்கு நேரம் வகுத்த யான் விலக்கியது யாது? மலத்தை அன்று, அரன் திருவேடத்தை. ஆணவத்தைச் சார்ந்து நின்று, அதற்குத் துறவெனப் பெயரிட்டேன்.

ஆகவே பேரனுக்கு விடை இது: வெற்றிலையை விட்டதற்கு அச்சொல் பொருந்தாது, அஃது அச்சம். இளவலை விட்டதற்கும் பொருந்தாது, அது பகை. இன்று தொட்டு மாலைப் பூசைக்குச் செல்லத் துணிந்தேன். அவனைக் கண்டவழிப் பேச நா எழுமோ அறியேன். அவன் நெற்றியின் நீற்றுக்குக் கைகளேனும் குவிக.

சிவம்.