விடத் தெரியாத பிடி



தபசுக்காலம் வந்தால் சுவாமியார் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றித்தான் எழுதுவார் என்று உங்களுக்குத் தெரியும். இவ்வருஷமும் அதுவேதான். ஆனால் இம்முறை ஒரு பழைய மோட்டார் காரின் வழியாக அங்கே போகலாம் என்றிருக்கிறேன்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் அம்பாசிடர் கார் ஒன்று வெகுகாலமாக நின்றது. எந்த வீடு என்று கேட்க வேண்டாம். வீட்டார் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மோரிஸ் ஆக்ஸ்போர்ட் என்ற ஆங்கிலேயக் காரை மாதிரியாக வைத்து, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. ஆகஸ்டு 5-ந் தேதி வந்தால் வீட்டார் அத்தனை பேரும் அதில் நெருக்கி உட்கார்ந்து தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்குப் போய்வருவார்கள். தகப்பனார் காலமானார். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வந்தது. பேச்சு நின்றது, வண்டியும் நின்றது.

2021-ல் சர்க்கார் ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்து, மூல உருவம் மாறாமலிருக்கும் வண்டிகளை ‘விண்டேஜ்’ வண்டி என்று தனியாகப் பதிந்துகொள்ளலாம். அதுவரை பழைய இரும்பாகக் கிடந்த கார், அதன்பின் இருவருக்குமே அப்பாவின் ஞாபகச்சின்னமாகிவிட்டது! இருவரும் தனித்தனியே என்னிடம் வந்தார்கள். சேசுநாதரிடமும் ஒருவன் வந்து, தன் சகோதரனோடு ஆஸ்தியைப் பிரித்துத் தரும்படி கேட்டதுண்டு. அவர் அந்த வேலையை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. முதலில் வண்டி ஓடட்டும், யாருக்கு என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். அவர் சி.எஸ்.ஐ. சபைக்காரர். போப்பையர் 1842-ல் வந்து ஊழியம் செய்த சாயர்புரத்தில் அதில் ஆச்சரியம் என்ன? இன்ஜின் கொஞ்சம் இருமிவிட்டு ஓடியது. ஆனால் கிளட்ச்சை அடிவரை மிதித்தும் கியர் விழவில்லை; பல்லோடு பல் உரசிக் கரகரவென்று கத்தியது. “கிளட்ச் ஒட்டிப்போச்சு சாமி” என்றார்.

கிளட்ச் என்பது என்ன? இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீல் ஒருபுறம்; ஸ்பிரிங்குகளால் அழுத்தும் பிரஷர் பிளேட் மறுபுறம்; இரண்டுக்கும் நடுவே, கியர் பாக்ஸின் ஷாஃப்டில் கோத்த கிளட்ச் பிளேட். அழுத்தத்தில் மூன்றும் ஒன்றாகச் சுற்றும்போது இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகிறது. காலால் மிதித்தால் அழுத்தம் விலகி நடுப்பிளேட் தனித்து நிற்கும். அப்போதுதான் கியர் மாற்ற முடியும். ஆகவே அதற்கு வரக்கூடிய வியாதிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பிடிக்காமல் வழுக்குவது. மற்றது, விடாமல் ஒட்டிக்கொள்வது.

வழுக்குகிற கிளட்ச்சை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கும். அல்லது ஓட்டுகிறவர் எந்நேரமும் பெடல்மேல் காலை வைத்தே ஓட்டித் தேய்த்திருப்பார். இன்ஜின் அலறும், வண்டி ஏற மறுக்கும். திருவிழாவில் வேட்டுச் சத்தமும் கொட்டும் மேளமும் பலமாயிருந்து, மறுநாள் பூசையில் பெஞ்சுகள் காலியாயிருப்பதைக் காணும்போது எனக்கு இந்த வியாதி ஞாபகம் வருவதுண்டு. அது நிற்க.

ஒட்டிக்கொள்வது வேறு வியாதி. ஓடுகிற வண்டிக்கு அது எளிதில் வராது. ஐப்பசி மழை ஈரமும் நம் பக்கத்து உப்புக்காற்றும் உள்ளே புக, அசையாமல் வருஷக்கணக்கில் நின்ற வண்டிக்கே வரும். துரு ஏறி, பிளேட்டும் ஃபிளைவீலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ராஜாவிடம் பெருங்கடன் மன்னிக்கப்பெற்று வெளியே வந்தவுடனே, தனக்குச் சொற்பக் கடன்பட்ட கூட்டாளியின் கழுத்தைப் பிடித்தானே ஒரு ஊழியன், அவன் கைக்கு வந்த வியாதியும் இதுதான். அவன் பிடி உறுதியான பிடிதான். விடத் தெரியாத பிடி. தான் பெற்ற இரக்கம் அவனைத் தாண்டி ஒரு அடிகூட நகரவில்லை. முப்பது வெள்ளிப் பணத்துக்காகவா நம் வீடுகளில் சண்டை? ஒரு முழம் வரப்பு, ஒரு கல்யாணத்தில் வைக்காத தாம்பூலம். அதைப் பிடித்துக்கொண்டே தினமும் பரலோக மந்திரம் சொல்கிறோம்.

அண்ணாச்சி முதலில் சுலபமான வழியைப் பார்த்தார். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து, வெட்டவெளியில் கொஞ்சம் ஓடவிட்டுப் பிரேக்கைப் பட்டென்று அழுத்துவது. அந்த அதிர்ச்சியில் பல வண்டிகள் விட்டுக்கொடுத்துவிடும். நல்ல பிரசங்கம் கேட்டுக் கண்ணீர் விடுகிறவர்களைப் போல என்று சொல்லலாம். இந்த வண்டி விடவில்லை. “கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்.”

புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, போல்ட்டுகளைத் தளர்த்தியாயிற்று. கையாள் பையன் அன்று வரவில்லை. கியர் பாக்ஸை நேர்க்கோட்டில் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதன் பாரம் ஷாஃப்டில் தொங்கினால் பிளேட் வளைந்துபோகும். இரண்டு பேர் ஒருசேரத் தாங்க வேண்டும். அங்கே நின்றது அண்ணனும் தம்பியும்தான். இருவரும் வண்டிக்கடியில் படுத்தார்கள். வெகுநேரம் பேச்சில்லை. திடீரென்று தம்பி குரல்: “அண்ணே, உன் பக்கம் சாயுது.” பிறகு அண்ணன் குரல்: “நீ விடாதலே, நான் பிடிச்சிருக்கேன்.” எத்தனையோ வருஷத்துக்குப்பின் அவர்கள் பேசிக்கொண்ட வார்த்தைகள் அவை. நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன்.

பிளேட்டைப் பெயர்த்தபோது துருவும் தூளும் கொட்டின. இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு, வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பிளேட்டுக்கே புது லைனிங் ரிவிட் அடித்து, பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்றைச் செருகி நடுவம் பார்த்து மாட்டினார் அண்ணாச்சி. நடுவம் தப்பினால் கியர் பாக்ஸ் உள்ளேயே போகாதாம். கடைசியாகப் பெடலில் சிறிது தளர்வு விட்டார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசித் தேய்ந்துவிடும் என்றார். புருஷனும் பெண்ஜாதியும் இதைக் கேட்டுவைப்பது நல்லது.

வண்டி இப்போது ஓடுகிறது. யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. போன ஞாயிறு பூசைக்கு அண்ணன் ஓட்ட, தம்பி குடும்பம் பின்னால் உட்கார்ந்து வந்தது.

இந்தச் சனிக்கிழமை மாலை 4 மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். வெகுகாலம் வராதவர்கள் கூட்டம் குறைந்தபின் 6 மணிக்குமேல் வரலாம். நேரமானாலும் காத்திருப்பேன்.

உங்கள் பங்குச் சுவாமியார்