குனிந்திருப்பவளைக் காணும் கண்

பிறர் உடல் வருந்தி உழைக்கும்போது அருகில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது அறமாகுமா? நெதர்லாந்து ஓவியர் வின்சென்ட் வான்கோவின் கோட்டோவியங்களைக் காண்போர் உள்ளத்தில் இக்கேள்வி எழாமல் இராது.

போதகர் ஒருவரின் மகனான வான்கோ, 1879-இல் பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சமயப் பணி ஆற்றினார். தம்மிடமிருந்ததை ஏழைகளுக்கு ஈந்து, அவர்களைப் போலவே வாழ்ந்தார். ஆயினும் சபையினர் அவரது பணியை நீட்டிக்கவில்லை. 1880-இல் அவர் ஓவியத்தைத் தம் வாழ்க்கைப் பாதையாக ஏற்றார்.

1883 டிசம்பரில் நூனன் கிராமத்திற்கு வந்தார். 1885 கோடையில், நிலத்தைத் தோண்டுகின்ற, கதிர்களைக் கட்டுகின்ற, அறுவடைக்குப் பின் சிந்திய கதிர்களைப் பொறுக்குகின்ற பெண்களைக் கறுப்புச் சுண்ணக்கோலால் வரைந்தார். பல படங்களில் முகம் புலப்படுவதில்லை. வளைந்த முதுகும், முரட்டுப் பாவாடையும், மண்ணைத் தொடும் கையுமே தெரிகின்றன. கலைக்கூட இலக்கணம் பிழையாது அமைந்த உருவத்தை அவர் நாடவில்லை. உண்மையில் உழைக்கும் உருவத்தையே நாடினார்.

அப்பெண்களுக்கு இதனால் கிடைத்தது என்ன? தம்பி தியோ அனுப்பிய பணத்திலிருந்து சிறு கூலி கிடைத்தது. முதுகுச் சுமையோ குறையவில்லை. அவ்வாண்டிலேயே, அவருக்கு மாதிரியாக அமர்ந்த மணமாகாத பெண் ஒருத்தி கருவுற்றாள். ஊரார் வான்கோவை ஐயுற்றனர், அவர் மறுத்தார். கத்தோலிக்கப் பாதிரியார், தம் சபையினர் அவருக்கு மாதிரியாக அமர்வதைத் தடுத்தார். வான்கோ ஊரை விட்டு நீங்க முடிந்தது. அப்பெண்ணோ ஊராரின் பேச்சைத் தாங்கியே வாழ வேண்டியிருந்தது. பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுபவளுக்கும் இழப்பு ஒன்றல்ல.

அப்படியானால் அந்தப் பார்வை வீணா? அன்று. இரக்கம் பிறரது குறையை மட்டுமே காண்கிறது. ஒரு கணத்தில் நிறைவும் அடைந்துவிடுகிறது. கூர்ந்த கவனமோ நெடுநேரம் நிற்கிறது; எந்தக் காலில் எடை ஊன்றியிருக்கிறது, கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்று கண்டு, அவளது திறமையை அறிகிறது. இத்தகைய கவனம் உதவிக்கு ஈடாகாது. ஆனால் கவனமில்லாத உதவி, பெறுபவரைச் சிறுமைப்படுத்திவிடும். ஆகவே, காண்பது கடமையின் முடிவன்று, தொடக்கம்.

அந்த ஓவியங்களில் முகம் தெரியாததற்குக் காரணம், அவள் குனிந்திருக்கிறாள். நாள்தோறும் நம் தெருவைப் பெருக்கும் பெண்ணின் முகம் நம் நினைவுக்கு வராததற்குக் காரணம் என்ன?