செப்பனிடுவோனின் தத்துவம்

தேருக்குக் கடலில் வேலையில்லை, கப்பலுக்குத் தரையில் வேலையில்லை என்று 'இடனறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டுக்கு வழியில்லாதது போலத் தோன்றிய அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யத் துணிந்தது இயந்திர யுகம். 1942-ஆம் ஆண்டில், யுத்த நெருக்கடியின் நிர்ப்பந்தத்தால், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் தாங்கள் செய்துவந்த இரண்டரை டன் ஆறு சக்கர லாரிக்குப் படகின் உடலைப் போர்த்து, பின்புறத்தில் நீரைத் தள்ளும் விசிறி ஒன்றையும் பொருத்தி, 'டக்' என்று வழங்கப்பட்ட நீர்நில ஊர்தியைச் செய்தார்கள். யுத்தம் முடிவதற்குள் அவ்வகை ஊர்திகள் 21,000-க்கும் மேல் உருவாயின. அறுபதுகளில் கனடா தேசத்தில், சதுப்பிலும் பனியிலும் ஏரியிலும் தடையின்றிச் செல்லும் பொருட்டு, பெருத்த டயர்கள் ஆறு கொண்ட சிறிய ஊர்திகள் தோன்றின. 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையூர்களில் எது தெரு, எது ஆறு என்று பிரித்தறிய முடியாமற்போன நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இவ்வித ஊர்தியின் பிரயோஜனத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் அந்த ஊர்தியின் வயிற்றைத் திறந்து பார்ப்பவன், வள்ளுவர் தீர்ப்பு ரத்தாகிவிடவில்லை என்பதைக் காண்பான். 'டக்' ஊர்திக்குள் தரைக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி என்று இஞ்சினின் சக்தியைப் பிரித்தனுப்பும் பற்சக்கரப் பெட்டிகள் இருக்கின்றன. இடத்துக்குத் தக்க உறுப்பை இயக்கினாலன்றி அது எங்கும் நகராது. சிறிய ஆறு சக்கர ஊர்தியிலோ, டயரே துடுப்பாக வேண்டியிருப்பதால், தரையில் துள்ளி ஓடும் அது தண்ணீரில் இறங்கியதும் நடந்து போகிறவனுடைய வேகத்தை ஒட்டியே செல்கிறது. அதன் உட்புற அமைப்பு எளிமையானது. இஞ்சின் ஒரு பெல்ட்டைச் சுழற்றும். பெல்ட் கியர் பெட்டியைச் சுழற்றும். அங்கிருந்து இரு புறமும் சங்கிலிகள் ஓடி, குறுக்கே படுத்திருக்கும் அச்சுகளைச் சுழற்றும். அச்சுகளின் முனையில் சக்கரங்கள். திரும்ப வேண்டுமானால் ஒரு பக்கத்தை அடக்கி மறுபக்கத்தை ஓடவிட வேண்டும். இஞ்சினின் வேகம் நேரே சக்கரத்தில் பாயாததற்குக் குற்றாலத்தில் ஓர் உவமை உண்டு. அங்கே பேரருவி மலையிலிருந்து நேரே மனிதர் தலைமேல் விழுமானால் ஒருவரும் அதன் கீழ் நிற்க முடியாது. நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து, வேகத்தை அங்கே செலவிட்டு, பிறகு பொங்கி வழிவதனால்தான் கிழவரும் குழந்தையும் அதில் நீராட முடிகிறது. இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவிலுள்ள பெல்ட்டும் கிளட்சும் செய்யும் காரியம் அதுவே. இஞ்சினை விட்டு இறங்கிவந்தால், இந்த வரிசையில் எந்த உறுப்பும் இயக்கத்தைத் தானாக உண்டாக்குவதில்லை என்பது கவனிக்கத் தக்கது. ஒன்றிடமிருந்து வாங்கி மற்றொன்றுக்குக் கொடுப்பதே ஒவ்வொன்றின் ஸ்வதர்மம்.

இத்தகைய ஊர்தி நெடுங்காலம் உழைத்துச் சோர்ந்தபின் அதைப் பிரித்துப் பழுது பார்க்கிறவன் முதலில் காண்பது, அச்சு உடலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தைத்தான். பட்டறைகளில் அதை 'ஆயில் சீல்' என்பார்கள். வெளியே தண்ணீர், உள்ளே எண்ணெய். இரண்டுக்கும் இடையே மெல்லிய ரப்பர் உதடு ஒன்று, சுழலும் எஃகு அச்சைத் தழுவிக்கொண்டிருக்கும். கழற்றிப் பார்த்தால் ரப்பர் தேய்ந்திருப்பது ஆச்சரியமன்று. எஃகு அச்சைச் சுற்றிலும் நகம் தடுக்கும்படியாக ஒரு பள்ளம் விழுந்திருப்பதுதான் ஆச்சரியம். சேற்றிலிருந்து வந்த நுண்மணல் ரப்பரின் உதட்டில் சிக்கிக்கொண்டு, சுழற்சிதோறும் எஃகைச் சிறிது சிறிதாக அராவியிருக்கிறது. அந்தப் பள்ளத்தின் வழியே நீர் நுழைந்து, எண்ணெய் வெளுத்துக் கலங்கி, பேரிங்குகளில் துருவேறி, சங்கிலி இறுகி, கடைசியில் ஊர்தி நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவன் சீலை மாற்றுகிறான், பேரிங்கை மாற்றுகிறான், சங்கிலியையும் பற்சக்கரத்தையும் பள்ளம் விழுந்த அச்சையும் மாற்றுகிறான். இவ்வளவுக்கும் பிறகு நீரில் இறங்குகிற ஊர்தி பழைய ஊர்திதானா? பெயரால் பழையது, பொருளால் புதியது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நம் சரீரமும், நாம் வாழும் ஊரும், நாம் தொழும் ஆலயமும் இதே வினாவுக்கு ஆளாகின்றன என்று கண்ட பிறகு, அவ்வளவு சுலபமாகத் தப்ப முடிவதில்லை.

நம் தேசத்துத் தத்துவ ஞானிகளுக்குத் தேரின்மீது அலாதியான பிரியம் உண்டு. கடோபநிஷத்து ஆத்மாவைத் தேரில் ஏறியவனாகவும், சரீரத்தைத் தேராகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும் வர்ணிக்கிறது. அச்சைப் பற்றி அங்கே பேச்சில்லை. கீதை பிறந்ததும் ஒரு தேரில்தான். ஆனால் அது இரு சேனைகளுக்கும் நடுவே நிறுத்திவைக்கப்பட்ட தேர். மிலிந்தன் என்னும் யவன அரசனோடு உரையாடிய பௌத்தத் துறவி நாகசேனர், அரசன் வந்த தேரையே உதாரணமாகக் கொண்டு, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரில்லை என்று ஒப்புக்கொள்ளச் செய்து, 'தேர்' என்பது உறுப்புகளின் கூட்டத்துக்கு வழக்கில் இட்ட பெயரே என்று நிலைநாட்டினார். வைசேஷிக தரிசனத்தாரோ இதற்கு நேர் எதிர்த் திசையில் சென்றார்கள்: உறுப்புகளுக்கு வேறாக முழுப்பொருள் ஒன்று உண்மையாகவே உண்டு என்றார்கள், ஆனால் ஓர் இழையை உருவினாலும் பழைய ஆடை அழிந்து வேறோர் ஆடை பிறக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஆக, முன்னவரிடம் கேட்டால் நம் ஊர்தி என்றுமே இருந்ததில்லை. பின்னவரிடம் கேட்டால், ஒவ்வொரு பேரிங்கைக் கழற்றும்போதும் ஓர் ஊர்தி இறந்து இன்னொன்று ஜனிக்கிறது.

இவையெல்லாம் தேரில் ஏறிச் செல்பவனுடைய தத்துவங்கள். இறங்கி நின்று பார்ப்பவனுடைய தத்துவங்கள் என்றும் சொல்லலாம். தேரைச் செப்பனிடுகிறவன் சற்று வேறுவிதமாகக் காண்கிறான். கோணிச் சாக்கை விரித்து அதன்மேல் எல்லா உறுப்புகளையும் கழுவிப் பரப்பி வைத்திருக்கிறான், ஒன்றும் குறைவில்லை, ஆனாலும் அது ஊர்தியன்று. உறுப்பு எதுவும் ஊர்தியாகாது என்ற மட்டில் நாகசேனர் சொன்னது சரியே. அதனால் ஊர்தி வெறும் பெயர் என்று அவன் ஒப்புவதற்கில்லை; பெயரைச் சூட்டுவதனால் சக்கரம் சுழலாது. சாக்கின்மேல் இல்லாதிருப்பது ஒன்றே ஒன்று: வாங்குதலும் கொடுத்தலும் ஆகிய சம்பந்தம்.

அந்தச் சம்பந்தம் எவ்வளவு அந்தரங்கமானது என்பதற்குச் சங்கிலியே சாட்சி. தென்காசியில் எந்த மோட்டார் சைக்கிள் பட்டறையில் கேட்டாலும், "செயினை மட்டும் மாத்துனா நிக்காது அண்ணாச்சி, செட்டாத்தான் மாத்தணும்" என்பார்கள். சங்கிலியின் கண்ணிகள் தேயத் தேய, கண்ணிக்கும் கண்ணிக்கும் உள்ள தூரம் மயிரிழை மயிரிழையாக நீளுகிறது. அந்த நீளத்துக்கு ஏற்பப் பற்சக்கரத்தின் பற்களும் கொக்கிபோல் வளைந்து தேய்கின்றன. இரண்டும் சேர்ந்தே மூப்படைகின்றன. அளவு மாறாத புதுச்சங்கிலியை அந்தப் பழைய பற்களின்மேல் ஏற்றினால், பொருத்தம் கெட்டு, புதியது சீக்கிரத்தில் நாசமாகிறது. ஒரு பொருளைப் புதுப்பிக்க வருகிறவன் உறுப்புக்கு உறுப்பு மாற்றிவைத்துப் போய்விட முடியாது. அவ்வுறுப்பு இதுவரை எதனோடு பழகித் தேய்ந்தது என்பதை விசாரித்தறிந்து, அந்த உறவுக்குள் தானும் பிரவேசித்தாக வேண்டும்.

உறுப்புகள் மாறியபின்னும் பொருள் பழையதுதானா என்ற வினாவை ஆகமங்கள் வாதமேடையில் வைத்து விவாதிக்கவில்லை, காரியத்தில் தீர்த்துவைத்தன. ஆலயம் பழுதுபட்டால் செய்ய வேண்டிய ஜீர்ணோத்தாரணத்துக்கு அவை விதி வகுத்தபோது, கட்டடத்தைப் பிரிப்பதற்கு முன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, பூஜை ஒரு நாளும் தடைப்படாமல் நடத்தி, திருப்பணி முடிந்தபின் கும்பாபிஷேகத்தின்போது மீண்டும் மூலஸ்தானத்தில் சேர்க்கச் சொல்லின. கல்லும் சுண்ணாம்பும் மாறலாம். கைமாற்றம் அறுந்துபோகக் கூடாது என்பது கருத்து. மூர்த்தியையும் பீடத்தையும் இணைக்கும் அஷ்டபந்தனம் இன்னும் சிந்திக்கத் தக்கது. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சேர்த்துப் பிசைந்து பீடத்தைச் சுற்றிச் சாத்துகிறார்கள். அபிஷேக தீர்த்தம் பீடத்துக்குள் இறங்காதபடி காப்பதும் அதுவே. 12 ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகச் சாத்துவது வழக்கம். சாசுவதமானது என்று நாம் கருதும் கருங்கல் மூர்த்தி, மெழுகும் வெண்ணெயும் கலந்த ஒரு பூச்சின் தயவில் நிலைபெற்றிருக்கிறது. ஊர்தியிலும் எஃகைக் காப்பது ரப்பர் அல்லவா? நிலைப்பது, அழிவதன் தயவில் நிற்கிறது. அழிவதோ, அதை உரிய காலத்தில் மாற்றுகிற கையின் தயவில் நிற்கிறது.

இதை அரச வம்சத்தில் பிறந்த ஒருவன் தென்காசியில் நன்றாக உணர்ந்திருந்தான். 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் ஆலயத்தை எடுப்பித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன், தன் கீர்த்தியைப் பாடுவித்து நிறுத்திக்கொள்ளாமல், அக்காலத்து வழக்கப்படி அழிப்பவரைச் சபிப்பதோடும் அமையாமல், வரக்கூடாத ஒரு குறை என்றேனும் இந்த ஆலயத்துக்கு வருமானால், அப்போது வந்து அதை நீக்கிக் காப்பவர் யாராயிருந்தாலும் அவர்களை உலகறியப் பணிகிறேன் என்ற கருத்தமைந்த செய்யுளை இங்கே விட்டுச் சென்றான். குறை வந்தது. ராஜகோபுரம் சிதைந்து, மேல்நிலைகளை இழந்து, பல தலைமுறையினர் கண்களுக்கு மொட்டைக் கோபுரமாகவே நின்றது. பின்னர் ஒன்பது நிலைகள் புதிதாக எழுந்து, 1990-ல் குடமுழுக்கு நடைபெற்றது. ஏறத்தாழ 180 அடி உயர்ந்து இன்று நிற்கும் அந்தக் கோபுரத்தின் மேல்நிலைகளில் பாண்டியன் வைத்த செங்கல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அது பாண்டியன் கோபுரம் அன்று என்று சொல்பவரை நான் கண்டதில்லை. ஒருவன் முன்கூட்டியே வணங்கிக் கேட்டுக்கொண்ட காரியத்தை, அவன் முகமறியாத சிலர் ஐந்து நூற்றாண்டு கழித்து ஏற்றுச் செய்தார்கள். பழைமையும் புதுமையும் அந்த ஏற்பில் இணைந்தன.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். ஏற்றுச் செய்வதே போதுமென்றால், ஏற்றுக்கொண்டவன் தன் மனம்போல் மாற்றிவிட்டால் என்ன செய்வது? இதற்கும் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், இடைச்செருகல் என்று தமக்குப் பட்ட பாடல்களை விலக்கியும், சிதைந்த பாடம் என்று தோன்றிய சொற்களைத் திருத்தியும், 'கம்பர் தரும் ராமாயணம்' என்று பதிப்பித்தார். கம்பனைத் துருநீக்கித் தந்தவர் என்று அவரைக் கொண்டாடியவர்கள் உண்டு; கம்பனில் கைவைத்தவர் என்று கடிந்தவர்களும் உண்டு. அவருடைய ரசனையின் நுட்பத்தை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் சுவடிகளில் கண்ட பாடபேதங்களையெல்லாம் குறித்துவைத்துப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் முறைக்கு ஒரு மேன்மை இருக்கிறது. தாம் ஒரு பாடத்தைத் தேர்ந்தபோதும், மற்றப் பாடங்களைக் கீழே காட்டி, தமக்குப் பின் வருகிறவன் வேறுவிதமாகத் தீர்மானிக்க அவர் இடம் விட்டார். தம் தேர்வே முடிந்த முடிபு என்று அவர் கதவைச் சாத்தவில்லை.

பட்டறையில் இதற்குச் சமமான விதி ஒன்று எழுதப்படாமலே வழங்குகிறது. பேரிங் தளர்ந்துவிட்டால், அதன் கூட்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவது அவசரக்காரன் வழி. அன்றைக்கு ஊர்தி ஓடிவிடும். அடுத்த முறை அந்தக் கூட்டையே அறுத்தெறிய வேண்டிவரும். நல்ல தொழிலாளி போல்ட்டுப் போட்டு முடுக்கி, மரைகளுக்குக் கிரீஸ் தடவி வைக்கிறான். தன் வேலையும் ஒருநாள் பழுதாகும் என்று ஒப்புக்கொண்டு, அதைக் கழற்றப்போகும் முகந்தெரியாத இன்னொருவனுக்கு உபகாரம் செய்கிறான். செப்பனிடுவோனின் தர்மம் இதில் அடங்கியிருக்கிறது: முன்னவனுடைய கருத்தை விசாரித்தறிய வேண்டும், பின்னவனுடைய கைக்கு இடம் விட வேண்டும். 12 ஆண்டில் பெயர்த்தெடுப்பதற்கென்றே சாத்தப்படும் அஷ்டபந்தனமும், அடிக்குறிப்பில் நிற்கும் பாடபேதமும், பாண்டியனுடைய வணக்கமும் இந்த ஒரே தர்மத்தின் வெவ்வேறு உருவங்கள்.

இறைவன் நித்தியன், அவனுக்கு நம் திருப்பணி வேண்டியதில்லை என்று வேதாந்திகள் சொல்வது உண்மையே. ஆனால் அவன் நம்மிடையே குடியிருப்பதற்கான ஏற்பாடுகள் அனைத்தும் அநித்தியமானவை; அவற்றை ஒருமுறை செய்து முடித்துவிட்டோம் என்று எந்தத் தலைமுறையும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. ஒரு பொருள் அதுவாகவே நீடிப்பது, அதன் அணுக்களில் உறையும் குணத்தால் அன்று. அதை வாங்கிப் பேணிக் கொடுத்துச் செல்கிறவர்களின் ஒழுக்கத்தால்தான். ஆகையால், உறுப்புகளெல்லாம் மாறிய பழைய ஊர்தியைக் காட்டி 'இது அதேதானா?' என்று கேட்பவருக்குச் செப்பனிட்டவன் தத்துவ சாஸ்திரம் எதையும் புரட்ட வேண்டியதில்லை. கண்ணாடிக் கூடத்தில் ஓட்டமின்றி வைத்திருந்தால், எல்லா உறுப்பும் அசலாயிருந்தும் அது அதுவன்று. தண்ணீரில் இறங்கிக் கரையேறி, பழுதானபோது இன்னொருவன் கழற்றிப் பார்க்க இடமிருக்கிறவரையில், அது அதேதான்.